இசைப் பட்டம் கையில், மேடை எங்கே? முதல் ஐந்து வருடங்களுக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

அடையாறு அரசு இசைக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, திருவையாறு, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று எங்கே இசை படித்தாலும் கடைசி செமஸ்டரில் நடப்பது ஒன்றுதான். ஆளுக்கொரு வழி சொல்வார்கள். குரு "சபாக்களுக்கு எழுதிப் போடு" என்பார். அத்தை "ரேடியோ ஆடிஷன் கொடுத்தியா?" என்று கேட்பார். சீனியர் அக்கா நாட்டியத்துக்குப் பாடக் கூப்பிடுவார். அப்பா சொல்வது வாத்தியார் வேலை. கூடப் படித்தவன் சொல்வது யூடியூப்.

இதில் யார் சொல்வதும் தப்பில்லை. ஆனால் பேரும் காசும் எவ்வளவு வரும் என்று மட்டும் பார்த்து இவற்றைத் தராசில் வைக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்று: இந்த வழியில் போனால் காலைச் சாதகம், அதாவது அன்றாடப் பயிற்சி, மிஞ்சுமா? இருபத்திரண்டிலிருந்து இருபத்தேழு வரைதான் குரலும் கையும் கச்சேரிக்குப் பதமாகும் காலம். கல்லூரியில் படித்த கீர்த்தனைகளை இரண்டு மணி நேரக் கச்சேரியாக மாற்றத் தெரிவது அந்த வயதில்தான். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் அதற்கு ஒதுக்க வேண்டும், அந்த நேரத்துக்கு யாராவது சோறு போடவும் வேண்டும். எந்த வழி அதைச் செய்கிறது என்று பார்ப்போம்.

சபா

கச்சேரி நடத்தும் இசைச் சங்கங்கள்தான் சபாக்கள். பேர் வருவது இங்கேதான், இன்றைக்கும். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி முதல் நாரத கான சபா, பிரம்ம கான சபா, கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ், பார்த்தசாரதி சுவாமி சபா வரை மார்கழியில் ஒவ்வொரு சபாவிலும் நாளுக்கு மூன்று நான்கு கச்சேரி. இளசுகளுக்குக் கிடைப்பது பகல் நேரம். பன்னிரண்டு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஏறி ஒன்றரை மணி நேரத்தில் இறங்க வேண்டும். எதிரே முப்பது பேர் இருந்தால் நல்ல கூட்டம். அந்த முப்பதில் ஒருவர் இன்னொரு சபாவின் செயலாளராகவோ பத்திரிகையில் விமர்சனம் எழுதுபவராகவோ இருந்துவிட்டால் அடுத்த வருடம் ஒரு படி ஏறலாம். பகலிலிருந்து நாலு மணிக்கும், நாலு மணியிலிருந்து மாலைக்கும் நகர எட்டுப் பத்து வருடம் ஆவது சகஜம்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதைக் கல்லூரியில் யாரும் சொல்வதில்லை. ஜூனியர் கச்சேரிக்குச் சபா தரும் சன்மானம் பெரும்பாலும் வண்டிச் செலவுக்கே சரியாகப் போகும். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் தனியாகச் சபா கொடுக்காவிட்டால், கொடுப்பது குறைவாக இருந்தால், மீதியைப் பாடுகிறவர் போட வேண்டியிருக்கும். கூடவே புடவையோ ஜிப்பாவோ, ரெகார்டிங், வீடியோ எடுப்பவருக்குக் கூலி. முதல் நாலைந்து மார்கழி சீசன் கையை விட்டுத்தான் போகும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

சில இடங்களில் ஒரு படி மேலே போய், "ஒரு ஸ்பான்சர் பிடிச்சுண்டு வந்தா ஸ்லாட் பார்க்கலாம்" என்பார்கள். காசு கொடுத்துப் பாடுவதுதான், பேர் மட்டும் வேறு. அப்பா பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. என் அபிப்பிராயம் கறார்: கொடுக்காதீர்கள். அந்த மேடையில் பாடியதை வைத்து வேறெவரும் கூப்பிடப் போவதில்லை, ஏனென்றால் அந்த மேடை எப்படிக் கிடைக்கிறது என்பது வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே பணத்தில் நல்ல பக்கவாத்தியத்தோடு ஒரு சின்ன ஹாலில் நீங்களே கச்சேரி வைத்து ஒழுங்காகப் பதிவு செய்யலாம்.

இளைஞர்களே நடத்துவது, இளைஞர்களுக்கென்றே நடத்துவது தனி வகை. 1985-இல் தொடங்கிய யூத் அசோசியேஷன் ஃபார் கிளாசிக்கல் மியூசிக் அதற்கு முன்னோடி. இன்று பெரிய மேடையில் இருக்கும் பலர் அப்போது அங்கே பாயில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டவர்கள். அகாடமியும் இளைஞர்களுக்கெனத் தனி விழா நடத்துகிறது. சபாக்களின் போட்டிகளுக்கு வயது வரம்பு இருப்பதால், கடைசி வருடத்தில் இருப்பவர் இப்போதே எழுதிப் போட்டுவிட வேண்டும். பரிசுத் தொகை சின்னதுதான். ஜெயித்தவருக்கு அதே சபா பெரும்பாலும் ஒரு கச்சேரி தரும், போட்டிக்குப் போவது அதற்காக.

சாதகத்துக்குச் சபா நல்லது. தேதி குறித்தாகிவிட்டால் பல்லவி ஒன்றைச் சீராக்க வேறு தூண்டுதல் வேண்டாம். சோறு மட்டும் போடாது. இன்னொன்றும் உண்டு: "யாரிடம் கத்துக்கறே?" என்ற கேள்விக்குப் பெரிய பேர் ஒன்றைப் பதிலாகச் சொல்ல முடியாத மாணவருக்கு இந்த வாசல் மெதுவாகத்தான் திறக்கும். மாவட்ட அரசு இசைப்பள்ளி வழியாக வந்தவர்கள், வீட்டில் முதல் தலைமுறையாகப் பாட வந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015-இல் மார்கழி சீசனை விட்டு விலகியதை ஒட்டி இந்தப் பேச்சு வெளியே வந்தது. பேச்சு நடந்த அளவுக்கு வாசல் அகலமாகவில்லை.

வானொலி

செலவு அதிகமில்லாத வழி, அதனாலேயே பலர் அலட்சியம் செய்யும் வழி. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் தொடங்கிய நிலையங்கள் இன்று ஆகாசவாணி என்ற பெயரில் அதே தர வரிசையை வைத்திருக்கின்றன: பி, பி ஹை, ஏ, அதற்கு மேல் டாப். உங்கள் ஊருக்கு உரிய நிலையத்தில் விண்ணப்பித்து, பாடத் தயாராக இருக்கும் உருப்படிகளின் பட்டியலைக் கொடுத்து, கேட்பதைப் பாட வேண்டும். உயர்ந்த தரங்களுக்குப் பதிவு டெல்லி வரை போகும்.

மேடைக்கும் அந்த ஸ்டூடியோ அறைக்கும் சம்பந்தமில்லை. தலையாட்ட ஆளில்லை. மைக்குக்கு அந்தப் பக்கம் சுவர். ராகத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் ஐந்தில் முடிக்க வேண்டும். வகுப்பில் இருபது நிமிடம் தோடி பாடிப் பழகியவருக்கு, இரண்டே நிமிடத்தில் தோடியின் முகத்தைக் காட்டச் சொன்னால் நாக்கு வறண்டுவிடும். மெதுவாக ஷட்ஜத்தில் நின்று, நிதானமாக மத்யமத்துக்கு வந்து சேர்வதற்குள் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் ஞானக் குறைவால் இல்லை, நேரக் கணக்கில். இதைக் கல்லூரியில் ஒரு மாதம் செல்போனில் டைமர் வைத்தே பழக்கிவிடலாம்.

வருமானம்? வருடத்துக்குச் சில பதிவுகள், சுமாரான தொகை. இதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. ஆனால் தரச் சான்றிதழ் வேறு கதவுகளுக்குச் சாவி. கோயில் விழா, அரசு விழா, வெளிநாட்டுக் கலைக்குழு என்று எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் "ஆகாசவாணி தரம்" என்று ஒரு கட்டம் இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறையில் இன்னொரு முக்கியமான ஷரத்து உண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ இல்லாவிட்டாலும், இளங்கலைப் பட்டத்தோடு தகுந்த குருவிடம் பயின்று, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ 'ஏ' தரம் பெற்ற கலைஞர் இசைத் துறை உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறலாம். ஏ தரம் வர வருடங்கள் ஆகும் என்பதால்தான் பி தரத்தை இருபத்திரண்டு வயதிலேயே வாங்கிவிடு என்கிறேன். சாதகத்துக்கு இதனால் ஒரு கெடுதலும் கிடையாது.

நாட்டியத்துக்குப் பாடுவது

கச்சேரிக்காரர்கள் இதைக் கொஞ்சம் தாழ்வாகப் பேசுவார்கள். "டான்ஸுக்குப் பாடினா பாட்டு கெட்டுடும்" என்பது பழைய வசனம். கலாக்ஷேத்ராவின் ராமாயண நாட்டிய நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இசையமைத்தவர் மைசூர் வாசுதேவாசாரியார் என்பதை அப்போது யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பட்டம் முடித்த கையோடு மாதாமாதம் காசு வர வேண்டும் என்றால் இதுதான் நேர் வழி. சென்னையில் வருடம் முழுக்க அரங்கேற்றம் நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நட்டுவாங்கம் (ஜதி சொல்லித் தாளம் போடுவது), பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழலோ வீணையோ வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒரு தொகை, ஒத்திகைக்குத் தனித் தொகை. இரண்டையும் முதல் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள். "ரிஹர்சல் ரெண்டு மூணு இருக்கும்மா" என்பது ஆறாக வளரும்.

வேலை லேசானதில்லை. நாட்டிய நிகழ்ச்சியின் பெரிய உருப்படியான வர்ணம் ஒன்றே அரை மணி, முக்கால் மணி போகும். பல்லவியின் ஒரே வரியை நாயகி தோழியிடம் கெஞ்சுவது, கோபிப்பது, மலரைப் பறிப்பது, அம்பு படுவது என ஒவ்வொரு சஞ்சாரிக்கும் இருபது முப்பது தடவை பாடவேண்டும். கண் நாட்டியக்காரியின் கையில், காது நட்டுவனாரின் தாளத்தில். அவர் ஜதியை எடுக்கும் கணத்தில் பாட்டை விட்டு, ஜதியின் முடிப்பான தீர்மானம் விழும் இடத்தில் சரியாகப் பாட்டின் தொடக்கமான எடுப்பில் வந்து விழ வேண்டும். ஒரே வரியை இருபது விதமாகப் பாடப் பழகியவருக்கு நிரவல் தானாக வரும். தாளம் ஆடாது. பதம், ஜாவளி எல்லாம் வகுப்பில் கேட்டிராத அளவுக்குப் பாடமாகும். கச்சேரிக்கே இது பயிற்சி என்று நான் நினைக்கிறேன்.

ஆபத்து வேறு இடத்தில். அமெரிக்காவில் பள்ளி விடுமுறையான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரங்கேற்ற சீசன். ஒரு குழுவோடு போனால் இரண்டு மாதத்தில் பல அரங்கேற்றம், சென்னையில் ஒரு வருடம் ஓடியாடினாலும் வராத பணம். அதற்கென்று பி-3 என்ற கலைஞர் விசா உண்டு, அழைப்பவர் அங்கிருந்து மனுப்போட வேண்டும். "டூரிஸ்ட் விசாவிலே வந்துடு, பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் அடுத்த பயணத்துக்கே தடை வரும். சரி, முறையாகப் போய்வந்தாலும், மார்கழிக்கு உருப்படி தயாரிக்க வேண்டிய மாதங்கள் விமானத்திலும் விருந்தினர் அறையிலும் கழிந்துவிடும். மூன்று கோடை தொடர்ந்து போனவரைச் சபாக்காரர்கள் "அவ டான்ஸ் சைடு" என்று ஓரங்கட்டுவதும் நடக்கிறது. நியாயமில்லைதான், ஆனாலும் நடக்கிறது. ஒரு கோடை போங்கள், அந்தப் பணத்தில் அடுத்த கோடையைச் சாதகத்துக்கு வாங்குங்கள்.

வாத்தியார் வேலை, ஆராய்ச்சிப் படிப்பு

பள்ளிக்கூட இசை ஆசிரியர் வேலையில் சம்பளம் உறுதி. காலை ஏழரைக்கு வேன் ஏறி, ஒரு நாளைக்கு ஆறு வகுப்புக்குப் பிரார்த்தனைப் பாட்டு சொல்லிக்கொடுத்து, நாலு மணிக்குத் திரும்பும்போது தொண்டையில் ஒன்றும் மிச்சமிருக்காது. மேடையே குறி என்றால் முதல் ஐந்து வருடத்துக்கு இதைத் தொட வேண்டாம். குடும்ப நிலை அப்படி இருந்தால் தொடத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆன்லைன் வகுப்பில் காசு பரவாயில்லை. அமெரிக்கக் குழந்தைகளின் மாலை நேரம் நமக்கு விடிகாலை ஐந்து, ஆறு மணி. அது சாதக நேரத்தின் உச்சியிலேயே வந்து உட்காரும். ஐரோப்பா, வளைகுடா மாணவர்களாகப் பார்த்து எடுத்தால் வகுப்பு நம் மாலைக்கு நகரும். இந்தச் சின்ன ஏற்பாட்டையே பலர் யோசிப்பதில்லை.

யாருமே பேசாத வழி ஒன்றிருக்கிறது. யுஜிசி நெட் தேர்வில் இசையும் ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஒரு இளம் பாடகருக்கு இந்த நாட்டில் இதைவிடப் பெரிய புரவலர் இல்லை. மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகையும் உண்டு: 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு, வருடம் 400 பேருக்கு, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். தொகை சின்னது என்று ஒதுக்காதீர்கள், மாதாமாதம் ஒரு மிருதங்கக்காரரை வரவழைத்துப் பழக அது போதும். அடுத்த கட்டமாக 25-க்கு மேல் 40 வரை ஜூனியர் ஃபெல்லோஷிப், மாதம் 10,000.

நெட் தேர்வுக்குச் சங்கீத சாஸ்திரம், மேளகர்த்தா, தாளப் பிராணங்கள், இந்துஸ்தானி, ரவீந்திர சங்கீதம் என்று விரிந்த படிப்பு வேண்டும். பாடத் தெரிந்த மாணவர்கள் பலருக்குப் புத்தகம் என்றாலே கசப்பு. எட்டு மாதம் அந்தக் கசப்பைத் தாங்கினால் ஐந்து வருடச் சாதகத்துக்கு அரசாங்கமே படியளக்கும். தலைப்பையும் புத்திசாலித்தனமாக எடுக்க வேண்டும். மேடையில் பாட உதவும் தலைப்பாக, ஒரு வாக்கேயக்காரரின் (பாட்டு இயற்றியவரின்) அபூர்வ உருப்படிகளைத் தேடிப் பாடம் பண்ணுவது போல எடுத்தால், ஆய்வேடும் ஆச்சு, கச்சேரிக்குச் சரக்கும் ஆச்சு.

ஸ்டூடியோவும் யூடியூபும்

சுருக்கமாகவே சொல்கிறேன். சினிமாப் பதிவில் வயலின் குழு போன்றவற்றுக்கு மேலைநாட்டு ஸ்டாஃப் நோட்டேஷனை (ஐந்து கோட்டு இசைக் குறிப்பை) பார்த்த உடனே வாசிக்கத் தெரிய வேண்டும். நம் கல்லூரிகளில் அது அநேகமாக இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் படித்தவர்கள் அங்கே முன்னால் நிற்பார்கள். கர்நாடக சங்கீதத்திலிருந்து சினிமாவுக்குப் போய்ப் பேர் வாங்கிய உன்னிகிருஷ்ணன், பாம்பே ஜெயஸ்ரீ, நித்யஸ்ரீ மூவருமே முதலில் கச்சேரிக்காரர்களாக அறியப்பட்டு, அதற்குப் பிறகு அழைக்கப்பட்டவர்கள். இருபத்திரண்டு வயதில் வாய்ப்புக்காக ஸ்டூடியோ வாசலில் காத்திருக்கும் நேரத்தில் சாதகம் போகும்.

யூடியூபை விசிட்டிங் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், வருமானம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: தியாகராஜர் கிருதிக்குக் காப்புரிமை கிடையாது, ஆனாலும் ஏதாவது ஒரு கம்பெனியின் தானியங்கி உங்கள் பதிவைத் தன்னுடையது என்று கோரும். பதறாமல் மறுப்புத் தாக்கல் செய்தால் பெரும்பாலும் விலகிவிடும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் விஷயம் வேறு. அவர் மறைந்தது 1973-இல், ஆகவே இந்தியச் சட்டத்தின் அறுபது வருடக் கணக்குப்படி 2033 முடியும்வரை அவர் பாடல்களுக்கு உரிமை நிலுவையில் இருக்கும்.

யாருக்கு எது

வாய்ப்பாட்டு மாணவருக்கு என் வரிசை இப்படி: கடைசி வருடத்திலேயே போட்டிகள், வானொலி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம். முடித்ததும் முதல் வருடம் நாட்டியப் பாட்டில் சம்பாதித்தபடி நெட்டுக்குப் படிப்பு. கிடைத்தால் ஆராய்ச்சி, சபாவுக்குப் பொறுமையாக எழுதிப் போட்டுக்கொண்டே இருப்பது. நெட் கிடைக்காவிட்டால் மாலை நேர ஆன்லைன் வகுப்பும் மாதம் இரண்டு நாட்டிய நிகழ்ச்சியும், அதற்குமேல் வேண்டாம்.

வயலின் மாணவர் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். பாடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வயலின் வேண்டும், பாடுகிறவர்கள் ஏராளம். மார்கழியில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி வாசிக்கும் இளம் வயலின்காரர்கள் உண்டு. மேடை அவர்களைத் தேடி வரும், சன்மானம்தான் இழுபறி. அவர்களுக்கு வானொலித் தரமும் நேரம் தவறாமையும் இருந்தால் சபா வழியே போதும். மிருதங்கத்தில் ஆள் அதிகம், போட்டியும் அதிகம். கஞ்சிராவோ வாயால் தாளச் சொற்கள் சொல்லும் கொன்னக்கோலோ கூடத் தெரிந்திருந்தால் அழைப்பு கூடும். வீணை மாணவருக்குத்தான் எல்லாம் கஷ்டம். தனிக் கச்சேரி குறைவு, பக்கவாத்தியமாக நாட்டியம் ஒன்றே வழி, ஆகவே ஜே.ஆர்.எஃப். அவர்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

நாகஸ்வரம், தவில் மாணவர்களுக்கு இந்த ஒப்பீடே முக்கால்வாசி பொருந்தாது. அவர்களுக்கு முகூர்த்தம்தான் வருமானம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, அந்த மாதங்களைச் சாதகத்துக்கும் சபா விழாக்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். கோயில் பணியிடம் வந்தால் விடாதீர்கள். காலையில் காலசந்தி, மாலையில் சாயரட்சை என்ற பூஜைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பெரும்பகுதி உங்களுடையது, பள்ளிக்கூட வேலையில் அது கிடைக்காது.

கல்லூரிகள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். இறுதித் தேர்வில் அரை மணி நேரம் கேட்டு மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு மாணவரையும் உண்மையான பக்கவாத்தியத்தோடு இரண்டு மணி நேர முழுக் கச்சேரி செய்ய வைத்து, நல்ல மைக்கில் பதிவு செய்து, அந்தக் கோப்பைச் சான்றிதழோடு கையில் கொடுக்கட்டும். சபாவுக்கும் உதவித்தொகைக்கும் போட்டிக்கும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். பான் அட்டை, சொந்தப் பேரில் வங்கிக் கணக்கு, சன்மானத்துக்கு ஒரு பக்க ரசீது எழுதும் விதம், சன்மானத்தில் பிடித்தம் செய்த வருமான வரியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கும் விதம், இந்த நான்கையும் ஒரு மத்தியான வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.